விட்டதும் விட்டுவிட்டதும்

சென்ற பருவத்தின் இறுதியில் ஒரு மாணவி என்னைத் தேடித் துறைக்கு வந்தாள். இளங்கலைத் தமிழ், மூன்றாம் ஆண்டு. திருச்சுழிக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி அருப்புக்கோட்டைக்கு வருபவள். தமிழ்த் தாள்களில் நல்ல மதிப்பெண் எடுப்பாள். பகுதி இரண்டு ஆங்கிலத்தில் மட்டும் மூன்று தாள்கள் அரியர். அவள் கையில் ஒரு நகல் தாள் இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு வினையோடு 'அப்', 'அவுட்', 'ஆஃப்' போன்ற சிறு சொல் ஒன்று சேர்ந்து புதுப்பொருள் தரும் தொடர்களின் பட்டியல் அது. 'கிவ் அப்' என்ற ஒரே தொடருக்கு அதில் ஏழு பொருள்கள் தரப்பட்டிருந்தன.

"'கிவ்'வுன்னா குடு, 'அப்'புன்னா மேல. ரெண்டயும் சேத்தா மேல குடுன்னுதானய்யா வரணும்? விடுன்னு எப்பிடி வரும்? எனக்கு மண்டையில ஏறல. படிப்ப விட்டுரலாம்னு இருக்கேன்யா" என்றாள்.

நான் ஆங்கில ஆசிரியன் அல்லன். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கான விடை அவள் பேசிய கடைசி வாக்கியத்திலேயே இருப்பதாகத் தோன்றியது. 'விட்டுரலாம்' என்று அவள் இயல்பாகச் சொன்ன சொல்லில், ஆங்கிலப் பட்டியலில் அவளை மருட்டிய அதே வேலை நடந்திருக்கிறது. அதை அன்று அவளுக்கு விளக்கத் தொடங்கியவன், பிறகு பல வாரங்கள் 'விடு' என்னும் அந்த ஒரு வினையின் பின்னாலேயே அலைய நேர்ந்தது. அலைந்ததில் கிடைத்தவற்றை இங்கே தொகுத்து எழுதுகிறேன்.

*

முதலில் ஆங்கிலத்தின் பக்கம். அந்த மாணவியின் தொல்லை புதிதன்று. 1755-இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே இவ்வகைத் தொடர்களைத் தனியே குறிப்பிடுகிறார். வினையின் பின்னால் ஒரு சிறுசொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் இவ்வழக்கமே அயல்மொழியாளருக்கு மிகப் பெரிய இடர் தருவது என்பது அவர் கருத்து. அதனால் இவற்றைக் கூடுதல் கவனத்தோடு தொகுத்ததாகவும் சொல்கிறார். அகராதிக்காரர் கண்டுகொண்ட போதிலும் இதற்கு நிலையான ஒரு பெயர் ஏற்படப் பல காலம் ஆயிற்று. இன்று ஆங்கில இலக்கண நூல்களில் வழங்கும் 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் வெளிவந்த தம் நூலில் பயன்படுத்தினார். அப்பெயரைத் தமக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் குறிப்பிட்டார். மாணவர்களை இத்தனை மிரட்டும் இந்தப் பெயருக்கு வயது நூறுதான்.

இனி 'அப்'. மேலே என்பது அதன் முதற்பொருள். பாத்திரத்தில் நீர் ஊற்றினால் நீர்மட்டம் மேலே வரும். விளிம்பைத் தொட்டால் நிரம்பிவிட்டது என்று பொருள். இவ்வாறு மேலே வருதல் என்பதன் அருகிலேயே முடிவுறுதல் என்ற பொருளும் இருக்கிறது. 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் தின்றுவிடு. 'பர்ன் அப்' என்றால் முழுவதும் எரிந்துவிடு. எங்கள் பகுதிக் கிணறுகளுக்குப் பொருந்துவதாகச் சொன்னால், 'டிரை அப்' என்றால் அடியோடு வற்றிப்போ. இங்கெல்லாம் 'அப்' என்பது திசையைக் காட்டவில்லை. செயல் கடைசிவரை நடந்தேறியதைக் காட்டுகிறது. 'கிவ் அப்' என்பதும் முற்றாகக் கொடுத்துவிடுவது, திரும்பப் பெறும் எண்ணமின்றிக் கையை எடுத்துவிடுவது என்றாகிறது. கோட்டையைப் பகைவனிடம் விடுவதும், பழக்கத்தை விடுவதும், நம்பிக்கையை விடுவதும், உயிரை விடுவதும் அதிலிருந்து கிளைப்பவை.

தமிழில் இந்த வேலையைச் செய்வது எது? துணைவினை. குறிப்பாக 'விடு'. வந்தான் என்பதற்கும் வந்துவிட்டான் என்பதற்கும் என்ன வேறுபாடு? ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கம் போன்ற மரபு இலக்கண நூல்கள் இந்த 'விடு'வைத் துணிவுப்பொருள் விகுதி என்று வகைப்படுத்துகின்றன. செயல் நிகழ்ந்தது உறுதி என்ற துணிவை அது தருகிறது. துணைவினைகளை விரிவாக ஆராய்ந்த இக்கால மொழியியலாளர்கள் இன்னும் நுட்பமாகச் சொல்வார்கள்: செயல் முடிந்தது என்பதோடு, பேசுபவரின் மனநிலையும் அதில் ஒட்டிக்கொள்கிறது. 'குடத்தை உடைத்தான்' என்பது செய்தி. 'குடத்தை உடைத்துவிட்டான்' என்பதில் ஓர் 'ஐயோ' இருக்கிறது. 'நாளைக்குத் தந்துவிடுகிறேன்' என்பதில் ஒரு வாக்குறுதி இருக்கிறது.

இப்போது மாணவியின் வாக்கியத்துக்கு வருவோம். 'விட்டுரலாம்' என்பதை எழுத்துத்தமிழில் விரித்தால் 'விட்டுவிடலாம்'. இதில் 'விடு' இரண்டு முறை வருகிறது. முதல் 'விடு' பொருளைச் சொல்கிறது. இரண்டாவது 'விடு' அதை முடித்துவைக்கிறது. அதாவது முதலாவது 'கிவ்' நிற்கும் இடத்தில் நிற்கிறது. இரண்டாவது 'அப்' நிற்கும் இடத்தில். பேச்சில் அந்த இரண்டாவது 'விடு' தேய்ந்து 'ரு' என்ற ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டது. போயிரு, வந்துரு, தின்னுரு, விட்டுரு. நாள் முழுவதும் அந்தத் தேய்ந்த எழுத்தைக் கொண்டு நாம் துணிவையும் இரக்கத்தையும் வாக்குறுதியையும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். யாரும் நமக்கு அதைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை.

*

அவளிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் அப்பத்தாவின் பக்கத்தில் ஒரு வாரம் நோட்டோடு உட்கார். அவர் வாயில் 'விடு' வரும்போதெல்லாம் எழுதிக்கொள். அடுத்த வாரம் இரண்டு பக்கம் நிறைய எழுதி வந்தாள்.

மழை விட்டுருச்சு. காய்ச்சல் விட்டுருச்சு. பள்ளிக்கூடம் விட்டுட்டாக. ஊருக்குப் புதுசா பஸ் விட்டுருக்காக. ஓடியும் பஸ்ஸ விட்டுட்டேன். கெணத்துக்குள்ள வாளிய விடு. குழம்புல கொஞ்சம் தண்ணி விடு. காட்டக் குத்தகைக்கு விட்டாச்சு. வட்டிக்கு விட்ட பணம் வரல. கம்மாயில மீன்பாசி ஏலம் விடுறாக. சட்டைக்கித் தையல் விட்டுப்போச்சு. வேப்பங்கன்னு துளிர் விட்டுருக்கு. ஓங்கி ஒரு அறை விட்டான். சும்மா கதை விடாத. வழி விடு. டாக்டரு கைய விட்டுட்டாரு. தாத்தா உசுர விட்டது கார்த்திகையில.

இப்பட்டியலை ஆங்கிலத்தில் பெயர்க்க முயன்றால் 'கிவ் அப்' மட்டும் போதாது. மழை விட்டதற்கு 'லெட் அப்', குத்தகைக்கு விட்டதற்கு 'லெட் அவுட்', தையல் விட்டதற்கு 'கம் அபார்ட்', வழி விடுவதற்கு 'கிவ் வே' என்று நாலைந்து தொடர்கள் தேவைப்படும். கவனித்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே அசைவு தெரிகிறது: பிடித்திருந்த பிடி தளர்வது. மழை நம்மைப் பிடித்திருந்தது, விட்டது. காய்ச்சல் பிடித்தது, விட்டது. நிலத்தின் மேலிருந்த நம் பிடி இன்னொருவனுக்குப் போனால் குத்தகை. வாளியின் மேலிருந்த பிடி தளர்ந்தால் அது கிணற்றுக்குள் இறங்கும். கணுவுக்குள் அடைபட்டிருந்தது தளர்ந்து வெளியே வந்தால் துளிர். 'பிடி'யும் 'விடு'வும் இணைந்தே பொருள் தருகின்றன. ஒன்றை அறியாமல் மற்றதை அறிய முடியாது.

இன்னொன்றும் தெரிந்தது. பஸ் 'விட்டுருக்காக' என்பதும் பஸ்ஸை 'விட்டுட்டேன்' என்பதும் ஏறக்குறைய எதிர்ப்பொருள் உடையவை. ஒன்றில் பேருந்து கிடைக்கிறது, மற்றதில் தவறுகிறது. சூழலைக் கொண்டு ஒரு நொடியில் சரியான பொருளை எடுத்துக்கொள்கிறோம். இதை அநாயாசமாகச் செய்யும் ஒரு மூளைக்கு 'கிவ் அப்' மண்டையில் ஏறாது என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

*

இந்த மண்ணில் ஆங்கில இலக்கணத்தோடு மல்லுக்கட்டிய இன்னொரு பிள்ளையின் கதை நினைவுக்கு வந்தது. அதை அந்த மாணவியிடம் நான் சொல்லவில்லை. ஏன் என்பது கதையைக் கேட்டால் விளங்கும்.

1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தவர் வேங்கடராமன். தந்தை சுந்தரம் ஐயர் அவ்வூரில் வழக்காடும் தொழில் செய்தவர். 1892-இல் தந்தை இறந்ததும் பிள்ளைகள் மதுரையிலிருந்த சிற்றப்பா வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் வேங்கடராமன் படித்தார். 1896 ஆகஸ்ட் 29. வீட்டுப்பாடம் செய்யாததற்குத் தண்டனையாக, பெயின் என்பவர் எழுதிய ஆங்கில இலக்கண நூலிலிருந்து ஒரு பாடத்தை மூன்று முறை பார்த்தெழுத வேண்டியிருந்தது. இரண்டு முறை எழுதி முடித்தார். மூன்றாவது முறை எழுதப்போகையில் தாளைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். இப்படி இருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்ற பொருள்பட அண்ணன் கடிந்துகொண்டார். அந்தச் சொல் தைத்தது. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயோடு ஒரு கடிதத்தை வைத்துவிட்டு அவர் கிளம்பினார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது.

சமயச் சார்பு பற்றி இங்கே பேச வரவில்லை. என்னை ஈர்ப்பது அந்தக் கடிதத்தின் இலக்கணம். 'நான்' என்று தன்மையில் தொடங்கும் கடிதம், சில சொற்களுக்குள் 'இது' என்று அஃறிணைக்கு மாறுகிறது. முடிவில் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. பதினாறு வயதுப் பையன் பெயின் இலக்கணத்தை விட்டான், வீட்டை விட்டான், தன்மை ஒருமையையும் விட்டான். 'வீடு' என்ற சொல்லே 'விடு' என்பதன் முதல் நீண்ட வடிவம்தான். கெடு, கேடு ஆவது போல. தமிழில் அதற்கு இல்லம் என்றும் பொருள், முத்தி என்றும் பொருள். வீட்டை விட்டு வீடு தேடிப் போனார் என்று சொன்னால் அது சொற்சிலம்பமாகத் தோன்றும். ஆனால் மொழி அப்படித்தான் அமைந்திருக்கிறது.

ஆயிரம் பேர் ஆங்கிலத்தை விட்டால் அதில் ஒருவர்கூட ரமணர் ஆவதில்லை. மற்றவர்கள் நூற்பாலைக்கும் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போகிறார்கள். அதனால்தான் மாணவியிடம் கதையைச் சொல்லவில்லை.

*

வேங்கடராமன் படித்த பள்ளியை நடத்திய அதே அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர் ஜே. எஸ். சாண்ட்லர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913-இல் தொடங்கியபோது அதன் ஆசிரியராக இருந்தவர். 'விடு'வின் எழுத்து வரலாற்றில் அந்தப் பேரகராதிக்கு முக்கிய இடம் உண்டு. அதற்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

நம் பழைய நிகண்டுகள் பெயர்களின் உலகம். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று தொகுதிகள் விரியும். செயலைப் பற்றிய தொகுதி ஒன்று உண்டு. அங்கேயும் வினை பெயராகத்தான் நிற்கும். செய்யுள் இயற்றும் புலவனுக்கு உதவும் கருவி அது. அன்றாடம் கிணற்றடியில் ஒலிக்கும் 'விட்டுட்டான்' அவனுக்குத் தேவைப்படவில்லை. 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியை அகர வரிசையில் அமைத்தபோது சொல்லைத் தேடும் முறை மாறியது. அடுத்து வந்த மறைப்பணியாளர்களுக்குத் தெருவில் நின்று பேச வேண்டியிருந்தது. தமிழ் அவர்களுக்குப் பிறந்த மொழி அன்று. நம் மாணவி 'கிவ் அப்' முன்னால் திகைத்தது போல அவர்கள் 'விட்டுக்கொடு' முன்னால் திகைத்திருப்பார்கள். ஃபப்ரிசியஸ் 1779-இல் வேப்பேரியில் அச்சிட்ட தமிழ்–ஆங்கில அகராதியும், பின்னாளில் தரங்கம்பாடியில் அது விரிந்த பதிப்புகளும், 1862-இல் வந்த வின்சுலோ அகராதியும் பேச்சு வழக்கின் சேர்க்கைகளுக்கு இடம் தந்தன. பிறந்தபோதே காதில் விழுந்த சொல்லை நாம் கவனிப்பதில்லை. பின்னால் வந்து கற்பவன்தான் அதைக் குறித்துவைக்கிறான்.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த பேரகராதியில், 1926-க்குப் பின் எஸ். வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்தார். இலக்கிய மேற்கோளும் பேச்சு வழக்கும் ஒரே பதிவில் அடுத்தடுத்து நிற்பது இந்த அகராதியின் பெருமை. 'விடு' அதில் பத்தி பத்தியாக நீள்கிறது.

1961-இல் பரோவும் எமனோவும் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி இந்த வினையைத் தமிழுக்கு வெளியேயும் கொண்டுசென்றது. கன்னடத்தில் இது 'பிடு'. நாம் செய்துவிடு என்னும் இடத்தில் கன்னடர் 'மாடிபிடு' என்பார்கள். அங்கும் அதே வினை, அதே துணைவினை. நமக்கு 'வீடு' என்றால் அவர்களுக்குத் தங்குமிடம், பாசறை என்ற பொருளில் 'பீடு'. ஹளேபீடு என்ற ஊர்ப்பெயரில் இருப்பது அதுதான். இதை அறிய அருப்புக்கோட்டைக்காரன் ஹளேபீடு வரை போக வேண்டியதில்லை. தறியோசை கேட்கும் தெருக்களில் தேவாங்கர் வீடுகளில் பேசப்படும் கன்னடத்தில் இது அன்றாடம் ஒலிக்கிறது. வகுப்பில் கேட்டேன். ஒரு மாணவன் சற்றே கூச்சத்துடன், "எங்க வீட்டுல 'பிடு'ன்னுதான்யா சொல்லுவோம்" என்றான். ஒப்பிலக்கணத்தின் ஒரு முழுப் பாடம் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அவனோ அதை வெளியே சொல்லக் கூசுகிறான்.

பேரகராதியில் அடங்காமல் போன வட்டார வழக்குகளைத் தேடியவர் கி. ராஜநாராயணன். 1982-இல் வந்த அவருடைய கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி, பல்கலைக்கழகம் செய்யாத வேலையை ஒரு சம்சாரி செய்துகாட்டியதற்குச் சான்று. அவர் இடைசெவலில் இருந்துகொண்டு தொகுத்ததில் பாதிக்கு மேல் எங்கள் ஊர்ப் பேச்சும்தான். கரிசலுக்கு வட்ட எல்லை தெரியாது. 1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்னொரு படி ஏறி, துணைவினைகளின் பொருளை இக்கால வாக்கியங்களோடு விளக்கியது. 'பின்னால் சேர்ந்து வரும் விடு' ஒரு தனிச் செய்தியாக மதிக்கப்பட்டது.

*

அகராதிகள் பொருளைத் தந்தன. அந்தப் பொருள்களை இந்த நிலத்தின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு அவை கனத்தன.

குண்டாற்றங்கரையில் இருக்கும் திருச்சுழி சுந்தரர் பாடிய தலம். பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உள்ள ஊர். இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளின் மொழியில் கோயிலுக்கு நிலம் தருவதற்கு வழங்கும் சொற்களுள் ஒன்று 'விடுதல்'. இறையிலியாக விட்ட நிலம் என்றால் அரசன் தனக்கு வரவேண்டிய வரியின் மீதான பிடியைத் தளர்த்தித் தந்த நிலம். அங்கே 'விடு' என்பது கொடை. கொடுத்தலும் விடுதலும் ஒன்றாகும் அந்த இடத்தில் 'கிவ்' என்ற வினையின் நிழலையும் பார்க்கிறோம்.

ஆள்வோர் மாறினார்கள். இராமநாதபுரம் சீமை 1803-இல் ஆங்கிலேயரின் நிலையான வரித்திட்டத்தின் கீழ் ஜமீன் ஆயிற்று. திருச்சுழிப் பகுதி அதற்குள் இருந்தது. கும்பினிக்கு ஜமீன்தார் கட்ட வேண்டிய பேஷ்குஷ் தொகை மாறாதது. மழையோ ஆண்டுக்காண்டு மாறுவது. வரி விடப்பட்ட காலம் போய், மழை விட்டாலும் வரி விடாத காலம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பெரும்பஞ்சத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். அதைப் பார்த்தவர் யாரும் இன்று இல்லை. ஆனால் 'ஊரை விட்டுப் போனாக' என்ற தொடர் மட்டும் குடும்பக் கதைகளில் எஞ்சியிருக்கிறது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மக்கள் இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனார்கள். கங்காணி முன்பணம் 'விட்டான்'. ஆட்கள் ஊரை 'விட்டார்கள்'. 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தபின் இலங்கைப் பயணம் எளிதாயிற்று.

போனவர்களின் பேரப்பிள்ளைகள் 1964-க்குப் பின் திரும்பினார்கள். அவ்வாண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளித் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவெடுக்கலாம் என்றது. எந்த நாட்டையும் அவர்களாக விடவில்லை. இரண்டு அரசுகள் ஒரு மேசையில் அமர்ந்து அவர்களை விட்டுக்கொடுத்தன.

'விட்டுக்கொடு' என்பதைத் தனியே கவனிக்க வேண்டும். விடு, கொடு என இரண்டு வினைகள் இணைந்தது அது. 'விட்டுக்கொடுத்துப் போ' என்று மணமான பெண்ணிடம் சொன்னால் அது பொறுமையின் உபதேசம். 'என்னய விட்டுக்குடுத்துட்டியே' என்று நண்பனிடம் சொன்னால் அது துரோகத்தின் குற்றச்சாட்டு. யார் எதை விடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தனக்கு உரியதை ஒருவர் விட்டால் பெருந்தன்மை. இன்னொருவருக்கு உரியதையோ இன்னொருவரையோ விட்டால் காட்டிக்கொடுத்தல். ஆங்கிலத்திலும் அப்படியே. பேருந்தில் முதியவருக்கு இருக்கையைத் தருவதற்கும் ஒளிந்திருப்பவனைக் காவலரிடம் காட்டித் தருவதற்கும் 'கிவ் அப்' ஒன்றே சொல்.

1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலம் உழுதவர் பெயருக்குப் பட்டாவாக மாறத் தொடங்கியது. ஆனால் வடகிழக்குப் பருவமழையைச் சட்டத்தால் அழைத்துவர முடியவில்லை. கம்பும் சோளமும் குதிரைவாலியும் பருத்தியும் மல்லியும் விளைந்த புஞ்சைகளை நாங்கள் காடு என்போம். ஒவ்வொரு பஞ்சத்திலும் கொஞ்சம் காடு தரிசாக விடப்பட்டது. விட்ட காட்டில் வேலிக்கருவை ஏறியது. அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவது பலருக்கு உழவைவிட உறுதியான வருமானம் ஆயிற்று. அந்த மாணவியின் தந்தை செய்வதும் கரிமூட்ட வேலைதான். என் தந்தையும் ஒரு காட்டை அப்படித்தான் விட்டார். கடைசியாக விதைத்த ஆண்டில் முளைத்தது கருகியபோது வரப்பில் உட்கார்ந்திருந்த அவரிடம் என் தாய் சொன்னது ஒரே சொல்: "விடுங்க." அதில் கட்டளை இல்லை. நம் மொழியில் ஆறுதலுக்கும் அதுவே சொல் என்பதை எந்த அகராதி எத்தனாவது பொருளாகத் தருமோ.

*

மாணவி படிப்பை விடவில்லை. இரண்டு பக்கத்தையும் எதிரே வைத்துக்கொண்டு, ஆங்கிலத் தொடர் ஒவ்வொன்றுக்கும் அப்பத்தாவின் வாக்கியம் ஒன்றைத் தேடி எழுதினாள். எல்லாவற்றுக்கும் 'விடு' பொருந்தவில்லை. ஏழு பொருள்களில் ஒன்று, ஒருவன் தன்னையே ஒன்றில் ஆழ்த்திக்கொள்வது. அதற்கு நம்மிடம் 'விடு' இல்லை, 'ஒப்புக்கொடு'தான் இருக்கிறது. பொருந்தாத இடத்தை அவளே கண்டுபிடித்து என்னிடம் காட்டியபோதுதான் அவளுக்கு விளங்கத் தொடங்கிவிட்டது என்று அறிந்தேன். மூன்று தாள்களில் இரண்டை முடித்திருக்கிறாள். ஒன்று பாக்கி. அடுத்த நவம்பரில் எழுதுவாள்.

அவளோடு சேர்ந்தவர்களில் இருவர் இடையிலேயே நின்றுவிட்டார்கள். காரணம் ஆங்கிலம் மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் தன் வீட்டில் பேசும் மொழிக்கு இலக்கணம் உண்டு, வரலாறு உண்டு, அதன் ஒரு வினையை எழுதவே அறிஞர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், பிறமொழியின் முன்னால் அவ்வளவு எளிதில் 'எனக்கு மண்டையில ஏறாது' என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீட்டில் மூத்தவர்கள் இருப்பவர்கள் ஒரு வாரம் நோட்டோடு அருகில் உட்கார்ந்து பாருங்கள். 'விடு' வேண்டாம் என்றால் 'போடு' எடுத்துக்கொள்ளலாம், 'பிடி' எடுத்துக்கொள்ளலாம். அப்பத்தாவின் இரண்டு பக்கங்களையும் நகலெடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அதில் கடைசி வரி, மாணவி கிளம்பும்போது அவர் வாசலில் நின்று சொன்னதாம்: "எழுதுனது போதும், விடு. பஸ்ஸ விட்றாத."